இருநூற்று அறுபத்தெட்டு

நானூற்றுப் பன்னிரண்டு. இனி இறங்கும். உச்சியில் முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மாதையன் லாரியை இரண்டாவது கியரில் போட்டுச் சரிவில் விட்டபோது எனக்குள் சின்னப்பிள்ளைத்தனமாக ஒரு சந்தோஷம், இந்த எண் இறங்குவதை நான் இதுவரை பார்த்ததே இல்லையே என்று. பதினோரு தடவை இந்தத் தொப்பூர் மலையில் இதே லாரியில், இதே பதினாறு டன் ஜல்லியோடு ஏறியிருக்கிறேன். பதினோரு தடவையும் மேலே போய்ச் சேர்ந்ததும் என் பழைய சிநேகிதன், பட்டறைக்காரன் சென்னியப்பன், "போதும் வாடா பரந்தா, இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று தன் காரில் ஏற்றிக்கொண்டு கீழே கொண்டுவந்து விடுவான். ஏசி, பழைய பாட்டு, கதவு மெத்தென்று சாத்திக்கொள்ளும் சத்தம். இன்று கார் இல்லை. லாரி உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் பூங்கோதையம்மாளைச் சங்ககிரியிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறான். அடிவாரத் தாபாவில் அவரை உட்கார வைத்துவிட்டு வருகிறேன், மேலேயே இரு என்றான். எதற்குக் காத்திருப்பது, வெயிலில், என்று நான் மாதையனோடு மறுபடி லாரியிலேயே ஏறிவிட்டேன். இன்ஜின் மூடியின் சூடு வலது தொடையில் ஏறுகிறது. எதிரே டேஷ்போர்டில் திருகி வைத்த வாட் மீட்டர். அதன் கண்ணாடியிலும் மாதையன் ஒரு கீற்று திருநீறு பூசிவிட்டார், விரலால் துடைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நானூற்று நான்கு. ஆம், இறங்குகிறது. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. இறங்கு ராசா இறங்கு. இது என் எண், இதன் எல்லா நடையும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏறும் நடை மட்டும் தெரிந்தால் எப்படி.

மேலே ஏறும்போது இன்ஜின் டீசலைக் குடிக்கிறது, குடித்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சூடாகப் புகைக்குழாய் வழியே ஊருக்கு ஊதித் தள்ளிவிடுகிறது. அந்தச் சூட்டைத்தான் நான் வாழ்க்கை முழுவதும் துரத்திக்கொண்டிருக்கிறேன். சைலன்சருக்கு முன்னால் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் இருபத்துநான்கு சதுர வில்லைகள். ஒரு முகத்தைப் புகை சுடுகிறது, மறுமுகத்தைத் தனி ரேடியேட்டர் தண்ணீர் குளிர வைக்கிறது, இரண்டு முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் பிறக்கிறது. சுழல்வது ஒன்றும் இல்லை, சத்தம் இல்லை. மாதையன் அவற்றைப் பிஸ்கட் என்கிறார். முதல் நாள் கையில் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "டீயில தொட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். இப்போது இறக்கத்தில் இன்ஜின் டீசலே குடிப்பதில்லை, வண்டியின் கனமே அதை உருட்டிக்கொண்டு போகிறது, புகைக்குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேறு மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. புகை குளிர்ந்துபோயிருக்கும். ஆனால் இரும்பு உடனே மறக்காது. பெட்டிக்கு மறக்க நேரம் வேண்டும். பட்டறையில் நானே அளந்திருக்கிறேன், நாலரை நிமிஷத்தில் மூன்றில் ஒரு பங்காகும், அடுத்த நாலரை நிமிஷத்தில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. இறக்கம் மொத்தம் பதினெட்டு நிமிஷமாவது பிடிக்கும், மாதையன் ஓட்டும் ஓட்டத்துக்கு. அடிவாரம் போவதற்குள் பூஜ்யத்தை எட்டிப்பிடித்துவிடும். முந்நூற்று அறுபது. ஜெர்மனியில் பத்தொன்பது வருஷம் இருந்தும், மனசுக்குள் நொடிகளை நான் தமிழில்தான் எண்ணுகிறேன். பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவனுக்கு எண் எங்கோ அடியில் போய்த் தங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு பூசினாலும் எண்ணும்போது உதடு அதைத்தான் தேடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, அதன் பின்பக்கத்தில் சிவப்பில் 'பொறுமை'. மாதையன் அதற்கு அறுபதடி பின்னாலேயே வருகிறார். "முன்னாடி போறவனுக்குப் பிரேக் இருக்கான்னு நமக்குத் தெரியாதில்ல சார்" என்கிறார். முந்நூற்று இருபத்தொன்று.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. ஏழு நிமிஷத்தில் தொண்ணூறுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். வந்திருக்க வேண்டும் என்றால், கணக்குப்படி. கணக்கு வேறு, மலை வேறு. காற்று, ஜல்லியின் கனம், எக்ஸாஸ்ட் பிரேக்கில் அடைபட்ட காற்று கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், ஆம், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பட்டறையில் எங்கே எக்ஸாஸ்ட் பிரேக். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. பார், இறங்கத்தான் செய்கிறது, மெதுவாக. நான்தான் அவசரப்படுகிறேன். எனக்கு எப்போதும் இந்த அவசரம் உண்டு, நல்ல எண் வந்தால் உடனே நம்பிவிடும் அவசரம், கெட்ட எண் வந்தால் உடனே படுத்துவிடும் அவசரம். அங்கே ஜெர்மனியில் ஹார்ட்முட் சொல்வார், என் மேலதிகாரி, நல்ல மனுஷர், எங்கள் பிரிவையே மூடிவிட்டோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடிதம் அனுப்பிய நல்ல மனுஷர்: நல்ல முடிவு வந்த அன்றைக்குத்தான் கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும். இனிமேல் புகைக்குழாயே இல்லாத வண்டிகள்தானாம், புகைக்குழாயே இல்லாத உலகத்தில் புகையின் சூட்டை வைத்து என்ன செய்வது. நாற்பத்தேழு வயதில் ஒரு பெட்டியும் இரண்டு சூட்கேஸுமாக வந்து இறங்கினேன். போன மாதம் அவரும் பழைய சகாக்களும் திரையில் உட்கார்ந்திருக்க, சென்னியின் பட்டறை மாடி அறையிலிருந்து என் கட்டுரையை வாசித்தேன். சங்ககிரி லாரியில் நானூற்றுப் பன்னிரண்டு வாட். ஹார்ட்முட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: ஒரு வில்லைக்குப் பதினேழு வருகிறதே? ஆமாம் என்றேன். தயாரித்தவர்களே பதினைந்துக்கு மேல் வராது என்றுதானே அச்சடித்திருக்கிறார்கள்? இறுக்கும் அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறோம் என்றேன், அதனால்தான் என்றேன், இன்னும் ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மிதந்தேன். இப்போது இந்தச் சரிவில், பிரேக் கட்டைகளின் கருகிய வாடைக்கு நடுவே, அந்தச் சிரிப்பு மறுபடி வருகிறது, வேறு முகத்தோடு. இருநூற்று எண்பத்தைந்து. இருநூற்று எண்பத்தைந்து. இருநூற்று எண்பத்துநான்கு.

"என்ன சார் அதையே மொறச்சுப் பாத்துட்டு வர்றீங்க?" என்கிறார் மாதையன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். பென்னாகரத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இந்த மலையில் முப்பது வருஷம் ஏறி இறங்கியவர். எறங்க மாட்டேங்குது என்றேன். "எது?" இந்த நம்பர், இறக்கத்துல சூடே இல்ல, அப்ப இது கீழ வந்துரணும். "அது எங்க சார் கீழ வரும்," என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல, "அது இருநூத்தறுபத்தெட்டுக்குக் கீழ வராதே." எனக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்து உள்ளே போகாமல் நிற்கிறது. வராதேன்னா? "காலைல வண்டி பச்சத்தண்ணியா நிக்கும்ல, ராத்திரியெல்லாம் பனியில நின்னுருக்கும், சாவியத் திருகி இன்ஜின் புடிச்ச ஒடனே டக்குனு இருநூத்தறுபத்தெட்டு வந்து நிக்கும். அப்புறம் வண்டி ஏற ஏற அதுக்கு மேல ஏறும். தெனம் பாக்கறேனே." கண்டெய்னர்காரன் பிரேக் விளக்கைப் போட்டான், மாதையன் கால் மாற்றி, பேச்சை நிறுத்தி, வண்டியைப் பிடித்து, மறுபடி விட்டார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்து ஒரு வளைவைத் திருப்பினார். வளைவு முடிந்ததும், "நான் ஏதும் சொல்லக்கூடாதத சொல்லிட்டனா சார்?" என்றார். இல்ல மாதையா, ரோட்டப் பாருங்க.

பச்சைத்தண்ணியாக நிற்கும்போது. குளிர்ந்த இன்ஜினில். இரண்டு முகமும் ஒரே சூட்டில் இருக்கும் வில்லை ஒரு பொட்டு மின்சாரம் தராது, அதை எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். நான் ஏன் ஒரு நாளும் குளிர்ந்த இன்ஜினில் மீட்டரைப் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் பட்டறைக்குள் வரும்போதெல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். "சூடேறட்டும்டா, நீ போயி காபி குடிச்சுட்டு வா" என்பான் சென்னி. உள்ளே வளர்மதி, அவன் மனைவி, டம்ளரில் ஆற்றித் தருவாள். காபி நன்றாக இருக்கும். இரண்டாவது டம்ளர் வேண்டுமா அண்ணா என்பாள். இரண்டாவது டம்ளர். உங்க பெட்டி இப்ப நல்லா வேலை செய்யுதாமேண்ணா என்று ஒருநாள் கேட்டாள், கேட்கும்போது ஆற்றும் பாலைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கும் தெரியுமா. பட்டறையில் எல்லோருக்கும் தெரியுமா. வெல்டிங் அடிக்கும் அந்த இரண்டு பேரும் நான் மீட்டரைக் குறித்துக்கொண்டு வரும்போது கண்ணாடியைக் கீழே இழுத்துக்கொள்வார்களே, அது பொறிக்குத்தானா. குனிந்தேன். சீட்டுக்குக் கீழே தலையை விட்டு டேஷ்போர்டின் அடிவயிற்றைப் பார்த்தேன், வண்டி ஆட ஆட நெற்றி தகரத்தில் இடித்தது. என் பெட்டியிலிருந்து வரும் கறுப்பு ஒயர்கள் இரண்டு. அவற்றோடு, மீட்டருக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து சேரும் சிவப்பு ஒயர் ஒன்று. அது இன்ஜின் பக்கம் போகிறது. டைனமோவுக்கு. இன்ஜின் சுற்றும்வரை டைனமோ சுற்றும், சூடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. நாலு விரற்கடைக்கு ஒரு கட்டு, பச்சை டேப், ஒவ்வொரு கட்டும் ஒரே பக்கம் மடித்து ஒட்டியது. அவசரமே இல்லை அந்த வேலையில். பாலிடெக்னிக்கில் என் புராஜெக்ட்டுக்கும் சேர்த்து சென்னிதான் ஒயரிங் செய்து தந்தான், அப்போதும் இப்படித்தான் கட்டினான், எக்ஸாமினர் தொட்டுப் பார்த்து எனக்கு ஐந்து மார்க் கூடப் போட்டார்.

நிமிர்ந்தேன். ரத்தம் தலைக்கேறிக் கண்ணில் பூச்சி பறக்கிறது. இருநூற்று எண்பது. பன்னிரண்டு நிமிஷம். எதற்காக. அதுதான் சிக்கிக்கொள்கிறது, எதற்காக. காசுக்கா. சென்னிக்கு இந்தப் பெட்டியில் என்ன வரும், பாடி கட்டும் பட்டறை அவனுக்கு மூச்சு விடாமல் ஓடுகிறது, இதற்காக அவன் இரண்டு வண்டி வேலையை இழந்திருக்கிறான். பெயருக்கா. கட்டுரையில் பெயர் போடுகிறேன் என்றதற்கு, "என் பேர எதுக்குடா அங்க, வெள்ளக்காரன் வாயில நுழையாது" என்று சிரித்தான். சிரிப்பில்லை அது, தப்பித்தல். எல்லாம் இப்போது தப்பித்தலாகத் தெரிகிறது, பின்னால் போகப் போக ஒவ்வொன்றும் திரும்பிக்கொள்கிறது, அவன் தோளில் போட்ட கை, காரின் ஏசி, இடுப்பு ஒடிஞ்சிரும். என் இடுப்பைப் பற்றி இல்லையே அந்தக் கவலை. எனக்குத் தெரியும் எதற்காக என்று. தெரிந்துகொண்டே சுற்றி வருகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால், முதல் ஓட்டத்தில், தொண்ணூற்றாறு வந்த அன்று. ஒரு வில்லைக்கு நான்கு. நான் பட்டறை மூலையில் டயர்மேல் உட்கார்ந்து, முந்நூத்தம்பது வரலன்னா இதுக்கு அர்த்தமே இல்லடா, நான் திரும்பிப் போயிடறேன் என்றேன். எங்கே போவது, எனக்கே தெரியாது. மேலே அறைக்குப் போய்ப் படுத்தேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் காலையில் அவன் வந்து கதவைத் தட்டி, "எந்திரிடா, ஒரு லூஸ் கனெக்‌ஷன், அவ்வளவுதான், சரி பண்ணிட்டேன்" என்றான். ஓடிப்போய்ப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்துநான்கு. முந்நூற்றைம்பது கேட்டேன், முந்நூற்று அறுபத்துநான்கு. கேட்டதற்குக் கொஞ்சம் மேலே, தாராளமாக, சோறு போடுபவன் கை அப்படித்தான். எந்த கனெக்‌ஷன் லூஸ் என்று நான் கேட்கவில்லை. காட்டு என்று சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் அளப்பதையே தொழிலாக வைத்திருந்தவன், மூன்று மடங்குக்கும் மேலான ஒரு எண்ணைப் பார்த்து, கண் கலங்கி, அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் உடம்பு விறைத்துக்கொண்டது. எண்ணெய்க் கையா இருக்குடா, சட்ட வீணாப் போயிரும் என்றான்.

நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்று காட்டத் தெர்மாமீட்டரை உதறிக் கொடுப்பதுபோல. இவன் தாங்க மாட்டான் என்று முடிவுசெய்துவிட்டான். அவ்வளவுதான் நான் அவனுக்கு. திருடியிருந்தால் பரவாயில்லை, திருடனைத் திட்டலாம், திருடன் நம்மை ஆளாக மதித்துத்தான் திருடுகிறான். இது வேறு. இருபது வருஷம் கழித்து வந்த சிநேகிதனை மாடியில் வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடும் வேளாவேளைக்கு வாட்டும் கொடுத்து. நான் மீட்டரைக் குறித்துக்கொள்ளும்போது பக்கத்தில் நின்று பார்ப்பானே, அப்போது என்ன நினைத்திருப்பான். பாவம் என்றா. நான் அந்தப் பாவத்தை எடுத்துக்கொண்டு போய் ஹார்ட்முட்டின் முன்னால் வைத்தேன். என் பெயரில். என் பெயரில் இனி என்ன இருக்கிறது. இருநூற்று எழுபத்தேழு. எண்ணம் இங்கே ஓர் இடத்தில் தடுக்குகிறது, கல் மாதிரி. நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று அறுபத்தெட்டு போனால். மனசு தானாகக் கழிக்கிறது, தமிழில், பலகையில் எழுதிக் கடன் வாங்கி. நூற்று நாற்பத்துநான்கு. தொண்ணூற்றாறாக இருந்தது நூற்று நாற்பத்துநான்கு ஆகியிருக்கிறது. ஒரு வில்லைக்கு ஆறு. இந்த ஐந்து மாதத்தில் நான் தண்ணீர்ப் பாதையை மாற்றினேன், தகட்டை இழைத்தேன், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன், அதற்கெல்லாம் பலன் வந்திருக்கிறது. இருந்ததில் பாதி கூடியிருக்கிறது. அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அவன் வைத்த எண்ணின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது நான் செய்தது. அந்த நாற்பத்தெட்டு வாட்டுக்கு நான் ஒருநாள் சந்தோஷப்பட்டிருப்பேனே. ஒரு நாளாவது. அதை எடுத்துக்கொண்டானே.

கடைசி வளைவு. கீழே தாபாவின் நீலத் தகரக் கூரை, அதன்முன் வெள்ளைக் கார். என் மடியில் பதினோரு தாள்கள், பதினோரு ஓட்டத்தின் அளவுகள். மேலே, 'இவற்றை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்' என்ற வரி, அதற்குக் கீழே காலியிடம். நான் கையெழுத்துப் போட்டால் பூங்கோதையம்மாள் போடுவார். அவர் போட்டால் சங்கத்தில் நாற்பது வண்டிகளின் புகைக்குழாயை வரும் வாரம் அறுப்பார்கள். அறுத்து என் பெட்டியைச் செருகுவார்கள், அந்த நாற்பதிலும் சென்னி சிவப்பு ஒயர் போடுவானா. போடாமல் என்ன செய்வான், ஒன்றில் போட்டவன். பேசாமல் இருக்கலாம். இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மோர் குடித்து, இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று இழுக்கலாம், அவனைத் தனியே கூப்பிட்டு அறையலாம், அறைந்துவிட்டு ஒயரைப் பிடுங்கலாம், யாருக்கும் தெரியாது. மாதையன் வாய் திறக்க மாட்டார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்திருக்கும் பொய் ஆகிவிடும் அது. அது அவனுக்கும் பிடிக்கும். அதுதான் பயமாக இருக்கிறது, எனக்கும் பிடித்துவிடுமோ என்று. மாதையன் வண்டியைத் தாபா முன் ஓரங்கட்டுகிறார், காற்றுப் பிரேக் உஸ்ஸென்று இருமுகிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. இருநூற்று எழுபத்துநான்கு.

சென்னி ஓடிவந்தான். கதவைத் திறந்தவன் முகத்தில் முதலில் சிரிப்பு, பிறகு கண் என்னைத் தாண்டி மீட்டருக்குப் போய்த் திரும்பியது. "மேலயே இருடான்னு சொன்னேன்ல? ஏன்டா இதுல வந்தே?" பின்னாலேயே பூங்கோதையம்மாள், பருத்திச் சேலை, கையில் மோர் டம்ளர், புருஷன் போனபின் பதினெட்டு லாரியைத் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பவர். "என்னுங்க தம்பி, வெயில்ல கறுத்துப் போயிட்டீங்க. சூட்டுல இருந்து கரண்டு எடுக்கறீங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்க ஊட்டுக்காரரு கோவத்துல இருந்து எடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் சங்ககிரிக்கே சப்ளை பண்ணியிருக்கலாமுங்க." சென்னி உரக்கச் சிரித்தான், தேவைக்கு மேலே. "எவ்வளவு காட்டுச்சுங்க இன்னைக்கு?" நான் வாய் திறப்பதற்குள் அவன், "நானூத்திப் பன்னண்டுக்கா. எப்பவும்போல." எப்பவும்போல. அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இறங்கி மோர் குடித்திருப்பேன். அம்மா, கொஞ்சம் மேல ஏறி இதப் பாருங்க என்றேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு படியில் ஏறி எட்டிப் பார்த்தார். மாதையா, இன்ஜின ஆஃப் பண்ணுங்க. மாதையன் என்னைப் பார்த்தார், சென்னியைப் பார்த்தார், சாவியைத் திருகினார். சத்தம் நின்றது. இருநூற்று எழுபத்துநான்கு அப்படியே கீழே விழுந்தது. ஆறு. மெல்லிய ஆறு, பெட்டியின் இரும்பில் கடைசியாக மிச்சமிருந்த சூடு. டைனமோல இருந்து ஒரு ஒயர் வருதுங்க என்றேன், நீங்க கேள்விப்பட்ட நானூத்திப் பன்னண்டுல இருநூத்தறுபத்தெட்டு அந்த ஒயரோடதுங்க. என் குரல் எனக்கே யாரோ அறிக்கை படிப்பதுபோல் இருந்தது. சென்னி மீட்டரைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தியேடா," என்றான், மெதுவாக, அந்தம்மாள் நிற்கிறார் என்பதையே மறந்து, "நான் வேற என்னடா பண்றது?"

பூங்கோதையம்மாள் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பஞ்சாயத்துக்கு வந்த அண்ணன் தம்பியைப் பார்ப்பதுபோல. பிறகு என்னிடம் கேட்டார், "அப்ப மெய்யா எவ்வளவுதானுங்க வருது?" ஏத்தத்துல நூத்தி நாப்பத்தி நாலுங்க. அதை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. "நூத்தி நாப்பத்தி நாலு," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "டிரைவர் தலைக்கு மேல ரெண்டு ஃபேன் ஓடுமே. லைட்டு எரியுமே. இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நான் எல்லா வண்டிக்கும் போட்டிருப்பனே தம்பி. நான் என்ன ஊருக்கா கரண்டு கேட்டேன்?" சென்னி சட்டென்று முன்னால் வந்தான், "இப்பவும் போடலாங்கக்கா, அந்த ஒயர் இல்லாம, சுத்தமா" என்றான். அவர் அவனைத் தாண்டி என் பக்கம் கையை நீட்டினார். என் கையிலிருந்த பதினோரு தாள்களையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரம் சேர்த்துத் தட்டி, திரும்ப என் கையிலேயே வைத்தார். கோபமில்லை. அது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்திருக்கும். "இது எல்லாமே உங்க எழுத்துத்தானுங்களே," என்றார். "அந்த நூத்தி நாப்பத்தி நாலாவது மெய்தான்னு நான் எத வெச்சுங்க நம்பறது?" படியிலிருந்து இறங்கி நின்று, உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். சொல்லலாம். ஒயரை அறுத்துவிட்டு நாளைக்கு மறுபடி ஏறலாம் என்று சொல்லலாம், வந்து பாருங்கள் என்று சொல்லலாம், அப்போதும் மீட்டரைத் திருகி வைப்பது நானாகத்தான் இருப்பேன். பெட்டியை யார் எப்படி இறுக்கினார்கள், தண்ணீர்ப் பாதை எப்போது மாறியது, தொண்ணூற்றாறுக்கு மேல் எது என்னுடையது, எது வைத்தது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாராவது எனக்காக இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு ஆள் தேடி என் கண் பழக்கத்தில் போய் நின்ற இடத்தில், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சென்னி நின்றிருந்தான்.